மலத்தில் ரத்தம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்றால் எதைப் பார்ப்பது? குடற்செருகல் பற்றி ஒரு கேள்வி

காப்பகத்து அக்கா கேட்கிறார்:

பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றில், 2 வயதுக்கு உட்பட்டவர்களின் அறை என் பொறுப்பில் இருக்கிறது. எங்களிடம் வரும் 7 மாத ஆண் குழந்தை ஒன்றுக்குக் குடற்செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் நோய், என்று கண்டுபிடித்துச் சிகிச்சை அளித்திருக்கிறார்கள். விடுமுறை நாளில், வீட்டில் இருக்கும்போது வந்திருக்கிறது. அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிட்டது. அடுத்த வாரம் மறுபடியும் எங்களிடம் வரப்போகிறான்.

அவனுடைய தாய் நடந்ததைச் சொன்னதிலிருந்து ஒரே கேள்விதான் என்னைக் குடைகிறது. அது வேலைநாளில், என் அறையில் வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா?

படித்துப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் மூன்று அடையாளங்களைச் சொல்கிறார்கள்: வயிற்று வலி, வாந்தி, ரத்தமும் சளியும் கலந்த மலம். பேசத் தெரியாத குழந்தையிடம் வயிறு வலிக்கிறதா என்று எப்படிக் கேட்பது? வாந்தியோ எங்கள் அறையில் அன்றாட நிகழ்ச்சி. தோளில் துண்டு இல்லாமல் நாங்கள் யாரும் நடமாடுவதே இல்லை. மிஞ்சுவது மூன்றாவது. டயபரில் ரத்தத்தைப் பார்த்தால் யார்தான் ஓடமாட்டார்கள்? அதற்கு என் அனுபவம் எதற்கு?

பசி அழுகை, தூக்க அழுகை, பல் முளைக்கும்போது வரும் சிணுங்கல், அம்மா கதவைத் தாண்டியதும் எழும் ஓலம் எல்லாம் எனக்கு ஓரளவு பிடிபடும். இந்த வலியின் அழுகை அவற்றிலிருந்து எப்படி வேறுபடும்? எந்தக் கட்டத்தில் பெற்றோரை அழைப்பது? தேவையில்லாமல் ஓரிரு முறை பதற்றப்படுத்திவிட்டால் அடுத்த அழைப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதும் இந்த வேலை கற்றுத்தந்ததுதான். மருத்துவமனையில் வேலை செய்தவர்களோ, நேரில் பார்த்த பெற்றோரோ இருந்தால் சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பதை நானே படித்துக்கொள்வேன்.

வார்டு சிஸ்டர் பதில்:

குழந்தைகள் அவசரப் பிரிவில் இரவும் பகலுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த மூன்று அடையாளங்களும் ஒன்றாக வந்து நிற்கும் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் ரத்தம் கலந்த மலம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். "மலத்தில் ரத்தம் இல்லையே, அப்படியானால் அது இல்லை" என்று யாராவது சொல்லக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

ஏன் கடைசியில் வருகிறது என்று புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும். அவசரமாகச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி தனக்குள்ளேயே மடிந்து போவதுபோல, குடலின் ஒரு துண்டு அடுத்த துண்டுக்குள் நுழைந்துகொள்கிறது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் போகும். போகும்போது தனக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. முதலில் நசுங்குவது மெல்லிய சிரைகள். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியேற வழியில்லை. குடல் வீங்குகிறது, உட்சுவரிலிருந்து சளியும் ரத்தமும் கசிகின்றன. அந்தக் கசிவு திரண்டு, கீழே இறங்கி, டயபருக்கு வந்து சேரும்போதுதான் ஜெல்லி போன்ற கருஞ்சிவப்பு மலத்தை நாம் பார்க்கிறோம். அதற்குள் பல மணி நேரம் ஓடியிருக்கும். இன்னும் விட்டால் தமனியும் அடைபடும், குடல் அழுகும், ஓட்டை விழும்.

ஆகவே ரத்தத்துக்கு முன்னால் வருவதைப் பார்க்க வேண்டும். குடல் அலையலையாகச் சுருங்கி விரிவது இயல்பு. அலை வந்து மடிந்த இடத்தில் முட்டும்போது வலி. அலை ஓய்ந்தால் வலியும் ஓயும். அதனால் இந்த அழுகையில் சத்தத்தைவிட நேரக்கணக்குத்தான் முக்கியம். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று வீறிடும். முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து மடக்கும். விரல்களை இறுக மூடிக்கொள்ளும். சாதாரணமாகக் கத்தும் குழந்தைக்கு முகம் சிவக்கும்; இதில் வெளுக்கும். முகத்தில் தெரியாவிட்டால் உதட்டையும் உள்ளங்கையையும் பாருங்கள். தூக்கினாலும், தட்டிக்கொடுத்தாலும், பால் கொடுத்தாலும் அடங்காது. சில நிமிடங்களில், யாரும் எதுவும் செய்யாமலே, அழுகை அறுந்து நிற்கும். குழந்தை களைத்துப் படுக்கும், அல்லது பொம்மையை எடுத்து விளையாடத் தொடங்கும். 15, 20 நிமிடம் கழித்து மறுபடியும் அதே வீறிடல்.

நடுவில் வரும் இந்த அமைதிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. மருத்துவமனைக்கு வந்து காத்திருக்கும்போது, "இப்போது சிரிக்கிறானே, ஒன்றும் இல்லை போலிருக்கிறது" என்று வீட்டுக்குப் போக எழுந்த பெற்றோரைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். அடுத்தது வரும்வரை இருங்கள் என்பேன். வந்துவிடும்.

நேரம் போகப் போக அந்த அமைதியின் குணம் மாறும். முதலில் விளையாடிய குழந்தை பிறகு வெறுமனே படுத்திருக்கும். அதற்குப் பிறகு கண்ணைப் பாதி மூடி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல் கிடக்கும். அழுகை குறைந்துவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். அழுவதற்குத் தெம்பு இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பெற்றோரை எப்போது அழைப்பது என்று கேட்டீர்கள். இரண்டாவது முறையும் அதே மாதிரி வீறிட்டு, அதே மாதிரி காலை மடக்கினால் அழைத்துவிடுங்கள். முதல் முறையே நேரத்தைக் குறித்து வையுங்கள். "குழந்தை அழுதுகொண்டே இருக்கிறான்" என்று சொன்னால் பதற்றம்தான் போய்ச் சேரும். "10.20-க்கும் 10.40-க்கும் காலை மடக்கி வீறிட்டான், முகம் வெளுத்தது, நடுவில் துவண்டு கிடந்தான், ஒரு முறை வாந்தி எடுத்தான்" என்று சொன்னால் கேட்பவர் உடனே புறப்படுவார், மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார். முடிந்தால் ஒரு வீறிடலைச் செல்பேசியில் வீடியோ எடுங்கள். மருத்துவர் பார்க்கும் நேரத்தில் குழந்தை அமைதியாக இருந்தால் நீங்கள் சொன்னதற்கு அதுதான் சாட்சி.

வாந்தியைப் பற்றி ஒன்று. முதலில் குடித்த பால் வரும். அடைப்பு நீடித்தால் பித்தம் கலந்து பச்சையாக வரும். கைக்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், காரணம் இதுவாக இருந்தாலும் வேறாக இருந்தாலும், அந்த நிமிடமே மருத்துவமனை. குடல் முறுக்கிக்கொள்ளும் நோயும் அப்படித்தான் தொடங்கும். அது இதைவிட வேகமாகக் குடலைக் கெடுக்கும்.

இரட்டையரின் தாய் பதில்:

சிஸ்டர் சொல்வது புரிகிறது. ஆனாலும் மறுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் குழந்தைகள் இருவரும் மாலையானால் காலை மடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் கத்தினார்கள். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தொடங்குவார். தானாகவே சரியாகிவிடும் என்றார் மருத்துவர்; சரியாகிவிட்டது. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் காலை மடக்கி அழும் ஒவ்வொரு குழந்தையும் ஸ்கேன் அறை வாசலில் நிற்கும். ஏற்கெனவே தூக்கமில்லாத தாய்மாரை இன்னும் பயமுறுத்த வேண்டுமா? எல்லாக் குழந்தைக்கும் வரும் நோயும் இல்லையே இது.

வார்டு சிஸ்டர் பதில்:

எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லைதான். ஆனால் சில மாதக் குழந்தையிலிருந்து 3 வயதுவரை குடல் அடைத்துக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பையன்களுக்குப் பெண் குழந்தைகளைவிடக் கொஞ்சம் அதிகம்.

அம்மா, அப்போது உங்கள் குழந்தைகளுக்கு என்ன வயது? அதில்தான் விடை இருக்கிறது. கோலிக் எனப்படும் அந்த மாலை அழுகை பிறந்த சில வாரங்களில் தொடங்கி, 3 அல்லது 4 மாதத்தில் விலகிவிடும். குடற்செருகல் 3 மாதத்துக்கு முன் அரிது. 5 முதல் 9 மாதம்வரை உச்சம். பெரும்பாலானவை 2 வயதுக்குள் வந்துவிடும். ஒன்று விடைபெறும் வயதில்தான் மற்றது தொடங்குகிறது. அதுவரை அப்படி அழாத குழந்தை 7-ஆம் மாதத்தில் ஒரு நாள் காலை திடீரென்று விட்டு விட்டு வீறிட்டால் அதைக் கோலிக் என்று சொல்ல வழியே இல்லை. இன்னொன்று, கோலிக் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், வாந்தியெடுத்துத் துவளாது, நாள்தோறும் ஏறத்தாழ அதே நேரத்தில் கத்தும். உங்கள் வீட்டுக் கச்சேரிக்கு நேரம் குறித்திருந்தார்கள் இல்லையா? இதற்கு அப்படி நேரம் கிடையாது.

அழும் எல்லாக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காலை மடக்குவதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். மலச்சிக்கல் உள்ள குழந்தையும் மடக்கும். விட்டு விட்டு வருவது, வெளுப்பு, நடுவில் துவளுதல், வாந்தி: இவற்றில் ஏதாவது ஒன்று கூடச் சேர்ந்தால் நிலைமை வேறு.

டயபர் மாற்றும்போது இன்னொரு வேலையும் செய்யுங்கள். தொடை இடுக்கைப் பாருங்கள். பையனாக இருந்தால் விதைப்பையையும் பாருங்கள். அங்கே புடைப்போ சிவப்போ இருந்து, தொட்டதும் வீறிட்டால் குடலிறக்கம் சிக்கிக்கொண்டிருக்கலாம், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அவையும் காத்திருக்காது.

மலத்தில் ரத்தம் தெரிந்தால் எந்த மாதிரி ரத்தம் என்று பாருங்கள். இறுகிய மலத்தின் மேல் சிவப்புக் கோடாக ஒட்டியிருந்தால் ஆசனவாயில் சிறு வெடிப்பு இருக்கலாம். சளியோடு கலந்து வருவது வேறு கதை. அந்த டயபரைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாங்கள் முகம் சுளிக்கமாட்டோம்.

ஒரு தந்தை பதில்:

என் மகளுக்கு மேலே சொன்ன வீறிடல் எதுவும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது ஒரு வயது கடந்திருந்தது. சளி பிடித்துத் தேறிய சமயம். காலையில் வாந்தி எடுத்தாள், கொஞ்சம் இளகலாக மலம் போனாள். வயிற்றுப்போக்கு என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம். மதியத்துக்குள் ஆள் மாறிவிட்டாள். என் தோளில் சாய்த்த தலையை எடுக்கவே இல்லை. அவளுக்கு மிகவும் பிடித்த பாட்டைப் போட்டேன். கண்ணை மட்டும் திறந்து மூடினாள். உதட்டில் நிறமே இல்லை. அழவில்லை. எப்போதாவது ஒரு முனகல், உடம்பு ஒரு முறை இறுகித் தளரும், அவ்வளவுதான்.

அவசரப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி மாத்திரை ஏதாவது விழுங்கினாளா என்பது. அடுத்தது தலையில் அடிபட்டதா. பிறகு மூளைக் காய்ச்சலாக இருக்குமோ என்று முதுகுத் தண்டில் நீர் எடுப்பது பற்றிப் பேசினார்கள். வயிற்றைப் பற்றிய பேச்சே இல்லை. மூத்த மருத்துவர் ஒருவர் வந்தார். எதுவும் கேட்காமல் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவள் வயிற்றில் வைத்தார். வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே கை நின்றது. நீளவாக்கில் உருண்டு திரண்ட கட்டி. என் கையையும் பிடித்து அங்கே வைத்துக் காட்டினார். ஸ்கேன், அது முடிந்ததும் ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்திக் குடலை விடுவிக்கும் காற்றழுத்தச் சிகிச்சை. அன்று இரவே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

முதலில் பார்த்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அந்த நிலையில் அந்தக் கேள்விகள் எல்லாம் கேட்க வேண்டியவைதான். காப்பகத்து அக்காவுக்கு நான் சொல்ல வருவது, உங்கள் அறையில் அழும் குழந்தையை எப்படியும் யாராவது பார்ப்பார்கள். மூலையில் சத்தமில்லாமல் படுத்திருப்பதையும் போய்ப் பாருங்கள்.

ஸ்கேன் அறை பதில்:

குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கும் கதிரியக்க மருத்துவர் நான். மேலே ஒரு தந்தை எழுதியிருப்பது நன்கு அறியப்பட்ட வடிவம். சில குழந்தைகளில் துவண்டு கிடப்பது மட்டுமே முதல் அடையாளமாக இருக்கும். முக்கியமாகச் சிறிய குழந்தைகளில். காரணம் தெரியாமல் துவண்டு, வெளுத்து, வாந்தியும் எடுக்கும் குழந்தைக்கு வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. அவர் சொன்ன இளகல் மலமும் ஏமாற்றக்கூடியது. அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் வெளியேறுவது வயிற்றுப்போக்குபோலத் தோன்றும். டயபரில் இயல்பான மலம் இருப்பதாலும் இது இல்லை என்று ஆகிவிடாது.

ஸ்கேனில் என்ன தெரியும் என்று சிலர் கேட்பதுண்டு. குறுக்குவெட்டில் வளையத்துக்குள் வளையமாகக் குடலுக்குள் குடல் தெரியும். பழகிய கையில் இது தவறுவது மிகவும் அரிது. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை. எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்ரே இயல்பாக இருந்தும் குடற்செருகல் இருக்கலாம்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அறிக்கையைப் படித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பீர்கள். வேறு காரணத்துக்காக ஸ்கேன் பார்க்கும்போது சிறுகுடல் சிறுகுடலுக்குள்ளேயே சிறிதளவு செருகியிருப்பதைச் சில நேரம் பார்ப்போம். குட்டையாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விடுபட்டுவிடும். குழந்தையும் நன்றாக இருந்தால் அதற்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. இங்கே பேசுவது பெருங்குடலுக்குள் போய் மாட்டிக்கொள்வதைப் பற்றி.

சிகிச்சையில் முதல் தேர்வு கத்தி அல்ல. ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ அளந்த அழுத்தத்தில் செலுத்தி, செருகிய குடலை வந்த வழியே பின்னால் தள்ளுகிறோம். காற்று என்றால் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தைத் தாண்டவிடமாட்டோம். 100 குழந்தைகளில் 80, 90 பேருக்கு இதுவே போதும். திரையில் குடல் திறந்து, காற்று சிறுகுடலுக்குள் பாயும் நொடியில் அறையில் இருக்கும் எல்லோரும் மூச்சுவிடுவார்கள். குடலில் ஓட்டை விழும் ஆபத்து 100-க்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. ஆனாலும் அறுவை சிகிச்சை நிபுணர் தயாராக இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்வோம். குடல் ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தாலோ, வயிறு முழுவதும் அழற்சி பரவியிருந்தாலோ, குழந்தை ரத்த ஓட்டம் குன்றி அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருந்தாலோ, இந்த முறை பலிக்காவிட்டாலோ நேரே அறுவை அரங்கம்.

இது புதுமையான முறையும் அல்ல. டென்மார்க்கின் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1876-லேயே நீரழுத்தத்தால் சரிசெய்த குழந்தைகளைப் பற்றி எழுதிவிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1871-இல், ஜோனதன் ஹட்சின்சன் 2 வயதுக் குழந்தைக்கு வயிற்றைத் திறந்து அறுவை செய்து காப்பாற்றியிருந்தார். அந்தக் காலத்தில் வயிற்றைத் திறப்பதே பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது என்பதை நினைத்தால் இரண்டுமே துணிச்சல்தான்.

சந்தேகம் வந்தபின் வழியில் என்ன செய்யக் கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை. பால், தண்ணீர், வயிற்று வலி மருந்து, பேதி மருந்து, பேதியை நிறுத்தும் மருந்து எதுவும் வேண்டாம். வயிற்றைப் பிசைய வேண்டாம். முடிந்தால் அல்ட்ராசவுண்டும் குழந்தைகள் அறுவைப் பிரிவும் ஒன்றாக உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். ஆனால் அது தொலைவில் இருந்து குழந்தை துவண்டுபோயிருந்தால், பக்கத்தில் இருக்கும் இடத்தில் முதலில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு.

இரட்டையரின் தாய் பதில்:

வயதைப் பற்றி சிஸ்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் குழந்தைகளுக்கு அப்போது 2 மாதம்தான். கச்சேரியும் சரியாக 6 மணிக்குத்தான் தொடங்கும்.

இன்னொரு சந்தேகம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸுக்கான தடுப்பு மருந்தால் இது வரும் என்று படித்துவிட்டு என் தங்கை தன் மகளுக்கு அதைக் கொடுக்கத் தயங்குகிறாள். அது வெறும் வதந்தியா?

வார்டு சிஸ்டர் பதில்:

வதந்தி என்று தட்டிக்கழிக்கமாட்டேன். 1998-இல் அமெரிக்காவில் ரோட்டாஷீல்ட் என்ற முதல் ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்து அனுமதி பெற்றது. போட்டுக்கொண்ட சில குழந்தைகளுக்குக் குடற்செருகல் வந்தது தெரிந்ததும் 1999-இலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதன் பிறகு வந்தவை வேறு மருந்துகள். பல்லாயிரக்கணக்கான குழந்தைகளிடம் இந்த ஒரு கேள்விக்காகவே சோதித்த பிறகுதான் வெளிவந்தன. அவற்றிலும் மிகச் சிறிய ஆபத்து இருக்கிறது. அமெரிக்கக் கணக்குப்படி 20,000 குழந்தைகளில் ஒருவர் முதல் 1,00,000 குழந்தைகளில் ஒருவர் வரை. வந்தால் பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாவது தவணைக்குப் பிந்தைய ஒரு வாரத்துக்குள். ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கால் உடல் வற்றி வந்த குழந்தைகளை வரிசையாகப் படுக்கவைத்துப் பார்த்தவள் நான். என் பேத்திக்கு யோசிக்காமல் கொடுக்கச் சொன்னேன்.

தங்கையிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மருந்து கொடுத்த பிறகு அந்த ஒரு வாரம் மேலே எழுதியவற்றை நினைவில் வைத்திருக்கட்டும். உரிய வயதிலேயே தொடங்கட்டும். குடற்செருகல் இயல்பாகவே அதிகம் வரும் வயதுவரை தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை. முன்பே குடற்செருகல் வந்த குழந்தைக்கு இந்த மருந்து கூடாது. அதைத் தடுப்பூசி போடும் இடத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

காப்பகத்து அக்கா மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. அந்தத் தந்தை சொன்ன மூலை எங்கள் அறையில் உண்மையிலேயே இருக்கிறது. சமர்த்தாகப் படுத்திருக்கிறது என்று நாங்கள் மகிழ்ச்சியாக விட்டுவிடும் மூலை. இனி யாராவது வழக்கத்துக்கு மாறாகச் சமர்த்தாக இருந்தால் தூக்கி உட்கார வைத்துப் பார்ப்பது என்று உடன் வேலை செய்பவர்களிடம் பேசியிருக்கிறேன். பால் குடித்தது, தூங்கியது, டயபர் மாற்றியது எல்லாம் ஏற்கெனவே நேரத்தோடு எழுதுகிறோம். அழுகைக்குத்தான் நேரம் எழுதியதில்லை; அதற்கும் ஒரு பத்தி சேர்த்துவிட்டேன்.

இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம். இப்போது எங்கள் அறையில் சளிக்காய்ச்சல் ஒன்று சுற்றி வருகிறது. இது ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுமா என்று ஒரு பெற்றோர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்தது அந்தப் பையனைப் பற்றி. திரும்ப வருமா? நாங்கள் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

வார்டு சிஸ்டர் பதில்:

குடற்செருகல் தொற்றாது. சளியை உண்டாக்கும் வைரஸ் தொற்றும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில், சுவருக்குள், நோயை எதிர்க்கும் நிணத்திசு திட்டுத் திட்டாக இருக்கிறது. சளியோ வயிற்றுப்போக்கோ வந்தால், முக்கியமாக அடினோவைரஸ் போன்றவை வந்தால், அந்தத் திட்டுகள் வீங்கும். குடலின் அலை அந்த வீக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளுவதுதான் செருகல் தொடங்கும் இடம் என்று கருதுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதைத் தவிர வேறு காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆகவே அறையில் சளி பரவும்போதும், அது ஓய்ந்த பிறகு சில நாளும், அந்தப் புதிய பத்தியைக் கொஞ்சம் கவனமாக நிரப்புங்கள். சளி பிடித்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் ஆகாது என்று அந்தப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

பையனைப் பற்றி ஸ்கேன் அறை டாக்டர் சொல்வதுதான் முறை.

ஸ்கேன் அறை பதில்:

காற்றாலோ நீராலோ சரிசெய்த குழந்தைகளில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு மறுபடியும் வரும். அவர்களில் பலருக்கு முதல் இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும். அந்தக் கட்டத்தை உங்கள் பையன் வீட்டிலேயே கடந்திருப்பான். பிறகு மாதங்கள் கழித்தும் வரலாம். வந்தாலும் பெரும்பாலும் அதே முறையில் மறுபடி சரிசெய்துவிடலாம். பல முறை திரும்பத் திரும்ப வந்தால், அல்லது வழக்கமான வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வந்தால், குடற்சுவரில் பிறவியிலேயே பிதுங்கி நிற்கும் சிறு பை, குடலுக்குள் வளரும் சதைக்கட்டி (பாலிப்) போன்று குடலை உள்ளே இழுத்துச் செல்லும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவோம்.

அவனுக்காகத் தனி உணவோ, ஓய்வோ, தூக்கும் விதத்தில் கட்டுப்பாடோ எதுவும் தேவையில்லை. மற்றவர்களோடு தவழட்டும். ஒரே ஒரு வித்தியாசம்: மற்றக் குழந்தைகளுக்கு இரண்டாவது வீறிடல்வரை பொறுக்கலாம் என்று சிஸ்டர் சொன்னார், இவனுக்கு முதலாவதிலேயே தாயை அழையுங்கள். சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் அறிக்கை நகல் ஒன்றை அவனுடைய பதிவேட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் பதிவு செய்யும் மேசையிலேயே, வேறு எதையும் சொல்வதற்கு முன், "இவனுக்கு ஏற்கெனவே குடற்செருகல் வந்திருக்கிறது" என்று அதைக் காட்டச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கவிடாமல் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள்.